சத்தம் போடாத பம்ப்பு

உங்களுக்கும் தொண்டைதானுங்களா?

பரவால்ல, பரவால்ல, பேசாதீங்க தம்பி. வாயசையறது தெரியுது, சத்தம் வெளிய வரல. எதுக்கு வருத்திக்கறீங்க? நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, நான் பேசறேன். எனக்கு ஒண்ணும் பழுதில்லீங்க, நான் தொணைக்கு வந்தவன். பேரு சென்னியப்பன், ஒண்டிப்புதூரு. சம்சாரத்துக்குத்தான் கோளாறு. அதா, சீட்டுப் போடற எடத்துல பச்சைச் சீலையில நிக்கறா பாருங்க, அவதான். வசந்தாமணி.

கல்யாணமான புதுசுல அவ கொல்லையில நின்னு கூப்பிட்டா தெருமுக்குல எனக்குக் கேக்குமுங்க. நாலஞ்சு வருசமா கொரலு எறங்கிட்டே வந்து, இப்ப சுத்தமா காத்துத்தான் வருது. அவளை மட்டும் சொல்லக்கூடாது, ஊருக்கே தொண்டை போச்சு. டீக்கடைக்காரன் முணுமுணுங்கறான். கோயில் ஐயரு மந்திரத்த முழுங்கறாரு. டிவியில செய்தி வாசிக்கற புள்ளை என்னத்தத் தின்னுட்டு வருதோ தெரியல, எவ்வளவு ஏத்தி வெச்சாலும் கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்புலதான் இருக்குது. பக்கத்து ஊட்டு ஜெயமணி மட்டும் வந்து ரிமோட்டைப் புடுங்கிட்டுப் போறா, ஏன்னே தெரியல. ஊட்டுக் காலிங் பெல்லு மூணு மாத்திட்டேன். குக்கரு குண்டு ரெண்டு மாத்திட்டேன். இப்ப வர்ற சாமான் எல்லாம் டூப்ளிகேட்டுங்க.

அதெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன். இப்ப என்ர பொண்ணு பண்ணியிருக்கற வேலையத்தான் பொறுக்க முடியல.

சுகன்யான்னு பேரு. ஒரே பொண்ணு. நெறமாசம். இன்னும் பன்னெண்டு நாளுன்னு டாக்டரம்மா தேதி குடுத்திருக்காங்க. வாசல்ல சொந்தக் காரு நிக்குது. ஓட்டறதுக்கு அப்பன் நான் குத்துக்கல்லாட்ட இருக்கேன். ஆனா வலி வந்தா ஆட்டோவுல போவேனே ஒழிய உங்க வண்டில ஏறமாட்டேன்னுட்டா. வாயில சொல்லக்கூட இல்லீங்க, அடுத்த ரூமுல உக்காந்துட்டு வாட்ஸ்அப்புல அனுப்பறா. பெத்த அப்பனுக்கு! படிச்சதும் நெஞ்சு வெந்து போச்சுங்க.

அதுலயும் ஒரு கண்டிசன் போட்டிருக்கறா பாருங்க. அம்மாவக் கூட்டிட்டு ஒருக்கா இந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க, அப்பறம் உங்க வண்டில ஏறறேன்னு. ஆத்தா தொண்டைக்கும் என்ர காருக்கும் என்னுங்க சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறா. ஆனாலும் மாசமா இருக்கற புள்ளை கேட்டுட்டா. சரின்னு கெளம்பி வந்துட்டேன்.

எல்லாம் அந்தப் பெட்ரோல் பம்ப்பால வந்த வினைங்க.

பங்க்கைச் சொல்லல. காருக்குள்ள இருக்குமே, அந்தப் பம்ப்பு. டேங்குக்குள்ள முங்கியிருந்து இஞ்சினுக்குப் பெட்ரோலத் தள்ளற கரண்டு மோட்டாரு. இத்தினியூண்டுதான், ஒரு டார்ச்லைட்டு அளவுக்கு. அது நின்னா வண்டி நின்னுச்சு. மனுசனுக்கு இருதயம் மாதிரின்னு வெச்சுக்குங்க.

நான் அந்தக் காலத்து ஆளுங்க. முப்பத்தோரு வருசம் ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரு, நூல் சுத்தற ரிங் ஃப்ரேம் டிபார்ட்மெண்டு. ஒரே ஹாலுல எண்பது மெசினு. ஒவ்வொண்ணும் பேய் மாதிரிக் கத்தும். அதுக்குள்ள நின்னுட்டு எந்த மெசினுக்கு எந்தப் பேரிங்கு போகப் போவுதுன்னு சத்தத்த வெச்சே சொல்லுவேன். சென்னியப்பன் காதுன்னா டிபார்ட்மெண்டுல ஒரு மரியாதை. காதுக்கு வெக்கறதுக்குப் பஞ்சு குடுப்பாங்க, நான் வெச்சதே இல்ல. ஃபிட்டரு காதை அடைச்சுக்கிட்டா மெசினு பேசறது எப்படிக் கேக்கும்?

மில்லுல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்க. சத்தம் போடற மெசின நம்பலாம். சத்தம் போடாத மெசின நம்பக்கூடாது.

போன மாசம் பொண்ணுக்குக் கட்டுச்சோறு வெச்சிருந்தோம். உங்க பக்கம் வளைகாப்புன்னு சொல்லுவீங்களா இருக்கும். எங்களுக்கு, ஒம்பதாம் மாசம் பொண்ணூட்டுக்காரங்க ஏழு வகைச் சோறு ஆக்கிக் கட்டிக்கிட்டுச் சம்பந்தியூட்டுக்குப் போகோணும். அங்க விருந்து வெச்சுட்டு, பொண்ணைக் கையோட தாயூட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். வெள்ளிக்கெழமை நாள் பாத்தாச்சு. சம்பந்தியூடு தாராபுரம். ரெண்டு மணி நேர ஓட்டம். வாடகை வண்டி வேண்டாம், என்ர பொண்ண என்ர வண்டிலதான் கூட்டிட்டு வருவேன்னு சொல்லிட்டேன். நெறமாசப் புள்ளைய ஏத்திட்டு நடு ரோட்டுல வண்டி நின்னா என்னுங்க ஆவறது? குண்டடம் தாண்டுனா நெழலுக்கு ஒரு மரங்கூட இல்ல. அதை நெனைச்சுத்தான் திங்கக்கெழமையே வண்டிய முழுசா செக் பண்ணீரலாம்னு உக்காந்தேன்.

யூடியூப்புல ஒரு தாடிக்காரத் தம்பி வண்டி ரிப்பேரு சொல்லிக் குடுப்பாரு. நல்ல புள்ளை, அடியில எழுத்து வேற ஓடும். அவரு சொன்னாரு: சாவியைத் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. பின் சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்டு வண்டு ரீங்காரம் போடறாப்புல ஒரு சத்தம் வரும். வந்தா பம்ப்பு நல்லாருக்குது. வராட்டி பம்ப்பு காலி.

வசந்தாவை முன்னாடி உக்கார வெச்சுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். நான் பின்சீட்டுல குப்புறப் படுத்து, சீட்டுல காதை வெச்சேன். அவ திருப்புனா.

ஒண்ணுமில்லீங்க.

மறுக்கா திருப்பச் சொன்னேன். ஒண்ணுமில்ல. பத்துத் தடவை திருப்புனா. மயான அமைதி. எனக்கு வேர்த்துப் போச்சு. கும்பிடற சாமி காப்பாத்துச்சு, பம்ப்பு செத்த வண்டிலயா பொண்ணைக் கூட்டியாரப் போனேன்னு நெனைச்சேன்.

இவ என்ன பண்ணுனான்னா, திரும்பி என்னையப் பாத்துக் காதைத் தொட்டுக் காட்டி, 'கேக்குது, கேக்குது'ன்னு தலைய ஆட்டறா. அவளுக்குக் கேக்குதாமா! முப்பத்தோரு வருசம் மெசினோட குடும்பம் நடத்துன எனக்குக் கேக்கல, மிக்ஸி ஓடற சத்தத்துக்கே பயப்படறவளுக்குக் கேக்குதாமா! சோத்துக்கு நேரமாச்சு, இந்தாளு எந்திரிச்சு வந்தாச் சரின்னு சொல்லியிருப்பா. பொம்பளைங்க புத்தி நமக்குத் தெரியாதுங்களா?

என்னுங்க கேக்கறீங்க? வண்டி ஓடுச்சான்னா? கையாலயே கேட்டுட்டீங்க, கெட்டிக்காரருதான். ஓடுச்சுங்க. நல்லாத்தான் ஓடுச்சு. சாவியைப் போட்டா முதல் அடியில ஸ்டார்ட் ஆகும். அன்னைக்கு வெடியாலகூட சூலூரு வரைக்கும் போயிட்டு வந்தேன். வசந்தாவும் அதையேதான் காட்டுனா. ஸ்டார்ட் ஆகறது என்ன பெரிய விசயமுங்க? பைப்புல நின்ன பெட்ரோலா இருக்கும்.

செவ்வாக்கெழமை காந்திபுரம் போயிப் புதுப் பம்ப்பு வாங்கிட்டு வந்து வேலைய ஆரம்பிச்சேன். வேலைன்னா வேலையாட்டச் செஞ்சேனுங்க, அதுல ஒருத்தன் கொறை சொல்ல முடியாது. மொதல்ல பம்ப்பு ஃபியூஸப் புடுங்கிட்டு இஞ்சின ஓட உட்டு, பைப்புல இருக்கற பெட்ரோலெல்லாம் தீந்து தானா நிக்க வெச்சேன். அப்பறம் பேட்டரி ஒயரக் கழட்டுனேன். பின்சீட்ட அக்கட்டால தூக்கி வெச்சு, அடியில இருக்கற தகட்டத் தொறந்தா பம்ப்பு தலை தெரியும். அதைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் வளையம் இறுக்கிப் புடிச்சிருக்கும். சுத்தியல்ல அடிச்சாப் பொறி பறக்கும், பெட்ரோலாச்சே! பூவரச மரத்துல ஒரு கட்டை செதுக்கி, அதை வளையத்துல வெச்சுப் பூப்போலத் தட்டித் தட்டிக் கழட்டுனேன். மூடிக்கு அடியில இருக்கற ரப்பரு வளையமும் புதுசு. எல்லாஞ் சேத்து நாப்பது நிமிசம். ஒரு சொட்டு கீழ சிந்தல.

மாட்டிட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். சத்தமில்ல.

புதுப் பம்ப்பும் செத்த பம்ப்பு! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

புதங்கெழமை வெடியால மறுக்கா கழட்டி எடுத்துட்டுப் போயி, கடைக்காரரு அப்பாஸு முன்னால டேபிள்ல வெச்சேன். அந்தத் தம்பி பேட்டரில ஒயரத் தொட்டுக் காட்டுச்சு. பம்ப்பு அவரு கையில கெடந்து அதிருது. 'அதிருதுல்ல, அண்ணா?'ன்னு கையைக் காட்டறாரு. தொட்டும் பாத்தேன். அதிரத்தாஞ் செய்யுது. ஆனா தம்பி, அதிர்றது வேற, ஓடறது வேற. பேரிங்கு செத்த மெசின்கூடத்தான் அதிரும். சத்தம் எங்கன்னு கேட்டேன். கடையில நின்னுட்டிருந்த நாலு கஸ்டமரும் 'கேக்குதே, கேக்குதே'ன்னு காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டறாங்க. கடைக்காரனும் கஸ்டமரும் கூட்டு! காந்திபுரத்துல இப்படியெல்லாம் நடக்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்க. அவன்கிட்ட மல்லுக்கட்டி என்ன ஆவப் போவுது? இன்னொண்ணு குடுன்னு வாங்கிட்டு வந்தேன்.

அது மாட்டியும் சத்தமில்ல.

இதுக்கு நடுவுல ஊட்டுக்குள்ள ஒரு பஞ்சாயத்துங்க. கார் நிக்கற போர்ட்டிகோவை ஒட்டித்தான் சமையக்கட்டு. டேங்கு தொறந்து கெடக்குது. மில்லுல தீயணைக்கற டிரெயினிங் எடுத்தவன் நான், விடுவேனா? ரெண்டு வாளி மணலக் கொண்டாந்து வெச்சு, அடுப்புப் பத்த வெக்கக்கூடாது, சாமிக்கு வெளக்கு ஏத்தக்கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டேன். ஊதுபத்திக்கும் தடைதான். மூணு நாளு பழைய சோறும் பரோட்டாவும்தான் ஓடுச்சு. வசந்தா இடுப்புல கையை வெச்சுட்டு நின்னு ரொம்ப நேரம் வாயசைச்சா. புளி ஊறப் போட்டிருக்கறா, எள்ளு வறுக்கோணும், ஏழு வகைச் சோத்துக்கும் தயாரு பண்ணோணும், அது எனக்கும் தெரியாதா? ஊடு எரிஞ்சு போனா எந்தச் சோத்தக் கட்டிட்டுப் போவா? கடைசில அரிசி, பருப்பு, அண்டா, கரண்டி அத்தனையும் தூக்கிட்டு ஜெயமணி ஊட்டுக்குப் போயிட்டா. போகும்போது கதவ அறைஞ்சு சாத்துனான்னு நெனைக்கறேன், செவுத்துல காலண்டரு ஆடுச்சு.

வியாழக்கெழமை பொழுது சாஞ்சதும் உக்காந்து யோசிச்சேன். ஒண்ணு பழசு, ரெண்டு புதுசு, மூணுமே ஊமை. அப்ப எதை மாட்டறது? பழகுன ஊமையே மேலுன்னு, மொதல்ல கழட்டுன பழைய பம்ப்பையே மறுபடி மாட்டிட்டேன். ஆமாங்க, அதேதான். கம்பெனியில வரும்போது வந்த பம்ப்பு. சிரிக்கறீங்களே? மூணு தடவை கழட்டி மாட்டுன கை இது. கண்ணக் கட்டி விட்டாக்கூட அந்த வளையத்த இப்பக் கழட்டுவேன்.

வெள்ளிக்கெழமை சாமி கும்பிட்டுட்டுக் கெளம்புனோம். ஏழு தூக்குச் சட்டியும் பின்சீட்டுல. வண்டி அருமையாப் போச்சுங்க, ஒரு திக்கல் இல்ல, ஒரு திணறல் இல்ல. எனக்கு மட்டும் நெனப்பு அந்தப் பம்ப்பு மேலயேதான். ஒவ்வொரு மேட்டுலயும், நின்னுருமோ, நின்னுருமோன்னு.

தாராபுரத்துல விருந்து ஜோரா நடந்துச்சு. எங்க சம்பந்தி மாட்டுச் சந்தையில யாவாரம் பண்றவரு. இந்தக் காலத்துல ஒழுங்கா வாயைத் தொறந்து பேசற மனுசன் அவரு ஒருத்தருதானுங்க. 'ஏனுங் சம்பந்தி, புளிச்சோத்துல பெட்ரோல் வாசம் அடிக்குதுங்களே, இதைத் தின்னுட்டுப் பீடி பத்த வெக்கலாமுங்களா?'ன்னாரு பாருங்க, பந்தியே சிரிச்சுது. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் மணியாட்டக் கேட்டுது. தொண்டைன்னா அது தொண்டை. வசந்தாகிட்ட சொன்னேன், அவரு என்ன கஷாயம் குடிக்கறாருன்னு கேட்டு வெச்சுக்கன்னு. மொறைச்சா.

மத்தியானம் மூணு மணிக்குப் பொண்ண ஏத்திட்டுக் கெளம்புனோம். கை நெறைய வளையலு, தலை நெறையப் பூவு. பாக்கவே கண்ணு நெறைஞ்சுதுங்க. அவளும் அவங்காத்தாளும் பின்னாடி உக்காந்தாங்க, பம்ப்புக்கு நேர் மேல. அம்மிணி, பம்ப்பு சத்தம் வருதான்னு பாத்துக்கன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தேன்.

இனிமேத்தான் கவனிச்சுக் கேக்கோணும் தம்பி. நீங்களே நாயஞ் சொல்லுங்க.

குண்டடம் தாண்டுனதும் கண்ணாடில பாக்கறேன், ரெண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிட்டு வர்றாங்க. ரொம்ப நாளைக்கப்பறம் ஆத்தாளும் மகளும் சேந்திருக்காங்க, சந்தோசமா இருக்கட்டும்னு விட்டுட்டேன். செத்த நேரத்துல வசந்தா முதுகுல தட்டறா. எங்களுக்குக் கல்யாணமாயி முப்பத்திரண்டு வருசமாச்சு, ஒரு நாளு முதுகுல தட்டிக் குடுத்ததில்ல. எனக்கு வெக்கமாப் போச்சு. 'போதும் வசந்தா, ஊடு போயிச் சேந்ததும் பாராட்டு'ன்னேன். அவ இன்னும் பலமாத் தட்டறா!

பொறவு கண்ணாடில கையை விரிச்சுக் காட்டுனா. எங்க மில்லுல அந்தச் சத்தத்துல பேச முடியாதுங்க, கைச்சாடைதான். கையை விரிச்சுக் காட்டுனா, நூலு அறுகல, மெசினு நல்லாருக்குது, ஓட்டுன்னு அர்த்தம். நானும் கையை விரிச்சுக் காட்டிட்டு ஓட்டுனேன். பல்லடம் வந்துச்சு, போயிருச்சு.

இப்ப சுகன்யா முன்னால எக்கி வந்து, என்ர மூஞ்சிக்கு நேரா சுண்டு வெரல நீட்டறா. எங்க டிபார்ட்மெண்டுல சுண்டு வெரல நீட்டுனா என்னன்னு தெரியுங்களா? சூப்பர்வைசரு வர்றாரு, உசாருன்னு அர்த்தம்! அட, பின்னாடி போலீஸு வருதாட்ட இருக்குதுன்னு பெல்ட்ட இழுத்து மாட்டிக்கிட்டு, நிமுந்து உக்காந்து, இன்னும் கொஞ்சம் மிதிச்சேன். பம்ப்பும் ஈடு குடுத்துச்சுங்க. அந்த வண்டி அப்படிப் பறந்து நான் பாத்ததே இல்ல. சூலூர நாலு நிமிசத்துல தாண்டிட்டேன்.

ஆமாங்க. நீங்களும் பள்ளிக்கூடத்துப் பையனாட்டச் சுண்டு வெரலக் காட்டறீங்க பாருங்க, அதேதான். அவசரம்! நெறமாசப் புள்ளை, மோரும் பாயாசமுமாக் குடிச்சிருக்குது. எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லங்க? 'அப்பா, வண்டிய நிறுத்து'ன்னு? மூணே அடி தூரத்துல உக்காந்திருக்கறா! அதை உட்டுட்டு, பின்சீட்டுல இருந்துட்டே எனக்குப் பதினோரு தடவை போன் பண்ணியிருக்கறா. பொறவுதான் போனை எடுத்துப் பாத்தேன். என்ர ரிங்டோனும் டூப்ளிகேட்டு.

ஊட்டு வாசல்ல ஜெயமணி ஆரத்தித் தட்டோட நிக்கறா. தாயூட்டுக்கு வர்ற மாசமான பொண்ண ஆரத்தி எடுத்துத்தான உள்ள கூப்பிடோணும்? வண்டி முழுசா நிக்கக்கூட இல்ல, கதவத் தொறந்துட்டு, ஒம்பது மாசத்து வயித்தத் தூக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடறா. ஜெயமணி தட்டோட பின்னாலயே ஓடறா. பாத்ரூம் கதவ இவ உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டா, வெளிய கதவுக்கு ஆரத்தி சுத்துனாங்க. எனக்கு மனசே சங்கடமாப் போச்சு. பம்ப்பப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. எண்பது கிலோமீட்டரு ஒரு தடவைகூட நிக்காமக் கொண்டாந்து சேத்திருக்கேன்!

அப்பறம் வெளிய வந்தா. எனக்கு முன்னால நின்னா. அழுதுட்டே என்னென்னமோ சொன்னாளுங்க, ரொம்ப நேரம். வாய் அசையுது. கண்ணுல தண்ணி ஊத்துது. ஒரு வார்த்தை வெளிய வரல. ஆத்தா தொண்டைக் கோளாறு மகளுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு நெனைச்சேன். 'அழாத கண்ணு, டாக்டரப் பாக்கலாம்'னேன். வசந்தா முந்தானைல வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பிக்கிட்டா. அன்னைக்கிருந்து ரெண்டு பேருமே எங்கிட்ட பேசறதில்லீங்க. பேசறாங்களோ என்னமோ. நான் இருக்கற பக்கம் சத்தமே வர்றதில்ல.

ஏனுங்க, எதுக்கு அந்த ரூமைக் காட்டறீங்க? கூப்பிடறாங்களா? யாரை?

சென்னியப்பன்னா? என்னையவா காட்டறீங்க? வைத்தியத்துக்கு வந்தது நானில்லீங்க, சம்சாரம் வசந்தாமணி. சீட்டுப் போடறப்ப மாத்தி எழுதிட்டாங்களா இருக்கும். வசந்தா, இங்க வா. சீட்டக் காட்டு. கொண்டா, கொண்டா.

சென்னியப்பன். அறுவத்திரண்டு. ஆணு.

இதென்ன வசந்தா? உனக்கில்லையா?

ஏன் தலையக் குனியற? இங்க பாரு. அழுவறியா? ஏய், நாலு பேரு பாக்கறாங்க. சரி, சரி, கோவமில்ல. நான் கோவப்படல.

செத்த இரு. கூப்பிடற அந்தம்மா நிக்கட்டும், தம்பிகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வர்றேன்.

தம்பி, சுகன்யா பொறந்தப்ப எனக்கு ரெண்டாவது ஷிஃப்டு. தகவல் வந்ததும் மெசின உட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். தலை, மீசை எல்லாம் பஞ்சு. பிரசவ ரூமுக்கு வெளிய நின்னுட்டிருக்கேன், கதவு சாத்திக் கெடக்குது, உள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. அப்படியே ஒடம்பு சிலுத்துப் போச்சு. நர்ஸம்மா கதவத் தொறந்து, உங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்குதுன்னாங்க. தெரியுமுங்க, கேட்டுச்சுன்னேன். அந்தம்மா சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்.

இப்ப அவளுக்குப் பொறக்கப் போவுது. வெளிய எல்லாரும் நின்னுட்டிருப்போம். மாப்பிள்ளை நிப்பாரு, வசந்தா நிப்பா, சம்பந்தி நிப்பாரு. உள்ள புள்ளை அழும். அவங்க அத்தனை பேரு மூஞ்சியும் மலரும். நான் மட்டும் என்ன, என்னன்னு ஒவ்வொருத்தரு வாயையும் பாத்துட்டு நின்னா, நல்லாவாங்க இருக்கும்? எனக்குப் பயமா இருக்குது தம்பி. மூணு நாளு பம்ப்பக் கையில வெச்சுட்டு உக்காந்திருந்தப்பவே எனக்குப் பயந்தான். யாருகிட்டயும் சொல்லல.

வர்றேன் வசந்தா. கையை விடு, ஓடிர மாட்டேன். சரி, புடிச்சுக்க.

அந்தக் கண்ணாடி ரூமுல என்ன பண்றாங்கன்னு இவ்வளவு நேரமும் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். காதுக்கு ஒரு மெசின மாட்டி விடறாங்க. சத்தம் கேட்டா கையைத் தூக்கோணும், அவ்வளவுதான். அந்தப் பெரியவரு தூக்குனாரு, அந்தப் பாப்பா தூக்குச்சு. யாராவது போகச் சொன்னா, ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா சும்மா தூக்கிட்டே இருந்து பாஸ் ஆயிரலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

இல்லீங்க. கேட்டாத்தான் தூக்குவேன்.